கடன் கொடுத்தவர் இலக்கணம் படித்ததில்லை

ஜெர்மன் படித்தால் பணம் புரளும் இடத்தில் வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு இப்போது அறுநூறு வயது. 1424-இல் வெனிஸ் நகரத்தில் ஒருவர் இந்தக் கேள்வியை நம்பியே பிழைப்பு நடத்தினார். நியூரம்பர்க்கிலிருந்து வந்த ஜார்ஜ் வாத்தியார். இத்தாலிய வியாபாரிகளின் பிள்ளைகளுக்கு ஜெர்மன் டியூஷன் எடுப்பது அவர் தொழில். சொற்பட்டியல் முடிந்த கையோடு பாடம் துணிக்கடைக்குப் போய்விடும். விலை சொல்வது, கூடுதல் என்று முறைப்பது, தரகரை வைத்துப் படியவைப்பது என்று முழுக்க முழுக்கப் பேரம். நடுவில் ஓர் உரையாடலில் ஒரு பையனைக் கேட்கிறார்கள்: இவ்வளவு நன்றாக ஜெர்மன் பேசுகிறாயே, யாரிடம் படித்தாய்? சான் பர்த்தலோமியோ சதுக்கத்தில் இருக்கும் ஜார்ஜ் வாத்தியாரிடம் என்கிறான் பையன். பாடப்புத்தகத்துக்குள்ளேயே கோச்சிங் சென்டர் விளம்பரம் நுழைப்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று இனி யாரும் மார்தட்ட வேண்டாம்.

வாத்தியார் இடம் பார்த்துத்தான் கடை போட்டிருந்தார். சதுக்கத்துக்குப் பக்கத்தில் ரியால்டோ பாலம். பாலத்தை ஒட்டி ‘ஃபோன்டாகோ டெய் டெடெஸ்கி’ என்ற ஜெர்மானியர் சத்திரம். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வெள்ளியும் செம்பும் கொண்டுவரும் ஜெர்மன் வியாபாரி அங்கேதான் தங்க வேண்டும், அங்கேதான் விற்க வேண்டும், அங்கேதான் மிளகும் பட்டும் வாங்க வேண்டும். ஒவ்வொரு பேரத்திலும் வெனிஸ் அரசு நியமித்த தரகர் ஒருவர் கூடவே நிற்பார். இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் மொழிபெயர்ப்பார். விற்றவர் ஜெயித்தாரா, வாங்கியவர் ஜெயித்தாரா என்பது வேறு விஷயம். தரகருக்குக் கமிஷன், அரசுக்கு வரி. இது மட்டும் நிச்சயம்.

அந்தத் தரகர் பதவி எவ்வளவு ருசியானது என்றால், ஓவியர் டிஷியன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தரகு பார்ப்பதற்காக அல்ல. பதவிக்கு வரும் ஆண்டு வருமானத்துக்காக. பதிலுக்கு வெனிஸ் ஆட்சித்தலைவரான டோஜேயின் அரண்மனையில் பெரிய போர்க்களச் சித்திரம் ஒன்று வரைந்து தருவதாக வாக்கு. இருபது ஆண்டுக்கு மேல் சுவர் காலியாக இருந்தது, டிஷியனின் பை காலியாக இல்லை. 1537-இல் பொறுமை இழந்த அரசு, வாங்கிய பணத்தையெல்லாம் எடுத்து வை என்று ஆணை போட்டது. அடுத்த ஆண்டே போர் முடிந்து, படமும் முடிந்தது.

ஃபுக்கர் வீட்டுக் கணக்குப்பிள்ளை

இதே சத்திரத்துக்குத் தொழில் கற்க அனுப்பப்பட்டவர் அவுக்ஸ்பர்க் நகரத்து யாக்கோப் ஃபுக்கர். அப்போது ஐரோப்பாவில் பணம் இத்தாலியன் பேசியது. வங்கி, உண்டியல், இரட்டைப் பதிவுக் கணக்கு எல்லாம் இத்தாலியர் கைச்சரக்கு. வெனிஸ்காரப் பிள்ளைகள் சரக்கு தள்ளிவிட ஜெர்மன் கற்றார்கள் என்றால், ஜெர்மன் பிள்ளைகள் கணக்குக் கற்க இத்தாலியன் கற்றார்கள். ஃபுக்கர் இரண்டையும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பி, சுரங்கத்தில் வெள்ளியும் செம்பும் தோண்டி, அரசர்களுக்குக் கடன் கொடுக்கத் தொடங்கினார்.

1519-இல் புனித ரோமானியப் பேரரசர் பதவிக்குத் தேர்தல் வந்தது. வாக்காளர்கள் மொத்தமே ஏழு பேர். ஒவ்வொருவரும் தன் மனச்சாட்சியை நல்ல விலைக்கு வைத்திருந்தார். வேட்பாளர் சார்லஸ், பிரெஞ்சு பேசி வளர்ந்த பத்தொன்பது வயதுப் பையன். ஜெர்மானியரை ஆள வந்தவருக்கு ஜெர்மன் தகராறு. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தேர்தல் செலவு சுமார் 8,50,000 ஃபுளோரின். அதில் 5,40,000-க்கு மேல் ஃபுக்கரின் பணம். பேரரசர் ஜெயித்தார். கடன் திரும்பி வரத் தாமதமானதும் 1523-இல் ஃபுக்கர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். என் உதவி இல்லாமல் உங்களுக்கு அந்தக் கிரீடம் கிடைத்திருக்காது என்பது ஊருக்கே தெரியும், வட்டியும் முதலும் எப்போது என்பதுதான் சாரம். பேரரசருக்கு ஜெர்மன் வராது என்பதால் அந்தக் கடிதம் புரியாமல் போனதாக வரலாற்றில் எங்கும் பதிவில்லை.

ஃபுக்கரின் தலைமைக் கணக்கர் மத்தேயுஸ் ஷ்வார்ட்ஸ். மிலான், ஜெனோவா, வெனிஸ் என்று சுற்றிக் கணக்கியல் படித்தவர். வெளிநாட்டுப் பட்டத்துடன் வந்து நின்ற பிறகுதான், தனக்குத் தெரிந்தது எவ்வளவு சொற்பம் என்பது ஃபுக்கர் வீட்டில் விளங்கியதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். 1518-இல் கணக்கியல் பற்றி ஒரு கையேடு எழுதினார். ஆனால் வரலாறு அவரை நினைவில் வைத்திருப்பது வேறொரு பேரேட்டுக்காக. தான் உடுத்திய உடைகளையெல்லாம் 1520-இலிருந்து நாற்பது ஆண்டு ஓவியரை வைத்து வரையச் சொன்னார். மொத்தம் 137 படங்கள். முதலாளி ஃபுக்கர் 1525 கடைசியில் கண்ணை மூட, மறு ஆண்டு ஷ்வார்ட்ஸ் ஆடையே இல்லாமல் முன்னும் பின்னும் தன்னை வரையச் சொல்லி, உடம்பு பருத்துவிட்டது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டார். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். இரட்டைப் பதிவு இரத்தத்தில் ஊறினால் இப்படித்தான் ஆகும்.

வாத்தியார் தலை போன ஊர்

வெனிஸில் மொழி கற்பித்தவருக்கு விளம்பரம் கிடைத்தது. சீனத்தில் கற்பித்தவருக்கு வேறு மரியாதை. 1757-க்குப் பிறகு ஐரோப்பியக் கடல்வணிகம் முழுவதும் கான்டன் துறைமுகம் ஒன்றில் அடைக்கப்பட்டது. வெள்ளைக்காரர் ஆற்றங்கரையில் குறிப்பிட்ட கட்டடங்களில்தான் தங்கலாம். அரசு உரிமம் பெற்ற வணிகர்களிடம்தான் தேயிலை வாங்கலாம். எந்தச் சீனரும் இவர்களுக்குச் சீன மொழி சொல்லித்தரக்கூடாது. வணிகம் செய்ய வந்தவனுக்கு விலை புரிந்தால் போதும், வேறெதுவும் புரிய வேண்டாம் என்பது அரசின் எண்ணம். யோசித்துப் பார்த்தால் அவ்வளவு முட்டாள்தனமான எண்ணமும் இல்லை.

இந்த நிலையில் சீன அதிகாரிகள் பேசும் மாண்டரின் தெரிந்த ஓர் ஆங்கிலேயர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜேம்ஸ் ஃபிளின்ட். சிறுவயதிலேயே சீனம் வந்து மொழியைப் பிடித்துக்கொண்டவர். கான்டன் சுங்க அதிகாரி லஞ்சம் வாங்கிக் கொல்கிறார் என்று கம்பெனிக்கு ஆத்திரம். மொழி தெரிந்த ஆள் நம்மிடம் இருக்கிறாரே, நேராகப் பேரரசரிடமே சொல்லிவிடுவோம் என்று 1759-இல் ஃபிளின்ட் வடக்கே கப்பலேறித் தியான்ஜின் வரை போய் மனுக் கொடுத்தார். நல்ல சீன மொழியில் எழுதப்பட்ட மனு.

சியான்லுங் பேரரசர் மனுவைப் படித்தார். புகார் உண்மையென்று கண்டு சுங்க அதிகாரியைப் பதவியிலிருந்து தூக்கினார். கதை இங்கேயே முடிந்திருந்தால் மாண்டரின் வகுப்புகளுக்கு இதைவிட நல்ல விளம்பரம் இருந்திருக்காது. ஆனால் பேரரசருக்கு இன்னொரு சந்தேகம் வந்தது: இவ்வளவு லட்சணமாக மனு எழுத இவனுக்கு உதவியது யார்? எழுதிக்கொடுத்த சீனர் லியூ யாபியனின் தலை வெட்டப்பட்டது. ஃபிளின்டுக்கு மக்காவ் நகரில் மூன்றாண்டுச் சிறை, பிறகு நாடு கடத்தல். திறமையாக மாண்டரின் கற்று வணிகத்தில் பயன்படுத்தியவருக்குக் கிடைத்த ஊக்கத்தொகை இதுதான். இங்கிலாந்து திரும்பிய ஃபிளின்ட் 1770-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு டோஃபு செய்யும் முறையை எழுதி அனுப்பினார். இவ்வளவு பாடுபட்டுக் கற்ற மொழியிலிருந்து அபாயமில்லாமல் மிஞ்சியது சோயாக்கட்டிதான்.

அதே சமயத்தில் போடப்பட்ட விதிகளில் ஒன்று, சீன வணிகர் அந்நியரிடம் கடன் வாங்கக்கூடாது என்றது. விதி வந்தால் வழியும் வரும். வட்டி ஆசையில் கடன் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? மதராஸில் உட்கார்ந்திருந்த ஆங்கிலேயர்கள். கோட்டையில் குந்திக்கொண்டு கான்டனுக்குப் பணம் அனுப்பினார்கள். வட்டி குட்டி போட்டது. கான்டன் வணிகர்கள் திவாலானார்கள். 1779-இல் மதராஸ்காரர்கள் வசூலுக்கு ஆள் அனுப்பினார்கள். சீன மொழி அறிந்த அறிஞரையா அனுப்பினார்கள்? கேப்டன் பான்டனையும் ஒரு போர்க்கப்பலையும் அனுப்பினார்கள். ஃபிளின்டின் தேர்ந்த மாண்டரினைவிடப் பீரங்கியின் உச்சரிப்பு தெளிவாக இருந்திருக்க வேண்டும். அசலைப் பத்தாண்டுத் தவணையில் வட்டியில்லாமல் கட்டும்படி பேரரசர் உத்தரவிட்டார்.

1793-இல் மறுபடி மரியாதையாக முயன்றார்கள். மதராஸ் கவர்னராக இருந்த மெக்கார்ட்னி பிரபு தூதராகப் பீஜிங் போனார். உலகில் பாதியை வளைக்கப்போகிற நாட்டில் நம்பகமான சீன மொழிபெயர்ப்பாளர் ஒருவர்கூட இல்லை. தேடித் தேடி நேப்பிள்ஸ் நகரத்துக் கத்தோலிக்கக் கல்லூரியில் படித்த சீனப் பாதிரிகளைப் பிடித்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் வராது. லத்தீனும் இத்தாலியனும் வரும். ஆங்கிலத் தூது லத்தீனில் ஏறிச் சீனத்தில் இறங்கியது. கூட்டத்தில் சீனம் கற்ற ஒரே ஆங்கிலேயர் துணைத்தூதர் ஸ்டான்டனின் மகன், வயது பன்னிரண்டு. கப்பலில் அந்தப் பாதிரிகளிடம் பொழுதுபோக்காகக் கற்றது. அவன் பேசியதைக் கேட்டு மகிழ்ந்த பேரரசர் தன் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துப் பரிசளித்தார். அந்தத் தூதுக்குழு கேட்ட வணிகச் சலுகைகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பையனுக்குப் பை கிடைத்தது.

சீனம் கற்றுக் கம்பெனியில் ஒழுங்காகச் சம்பளம் வாங்கியவர் என்று பாதிரியார் ராபர்ட் மாரிசனைச் சொல்லலாம். 1807-இல் வந்து ஒளிந்து ஒளிந்து படித்தார். பிடிபட்டால் குடிப்பதற்கென்று அவருடைய வாத்தியார் ஒருவர் விஷத்தைக் கையோடு வைத்திருந்தாராம். தேர்வு பயம் மாணவனுக்கு இருப்பது இயல்பு; இங்கே வாத்தியாருக்கு. 1809-இல் கல்யாணத்தன்றே கம்பெனி மொழிபெயர்ப்பாளர் வேலை, ஆண்டுக்கு 500 பவுண்ட். மதப்பிரசாரகர்களைத் தன் கப்பலில் ஏற்ற மாட்டேன் என்ற கம்பெனி, மொழிக்காக ஒருவரைச் சம்பளப் பட்டியலில் ஏற்றியது.

இலக்கணம் இல்லாத கோடீஸ்வரர்

கான்டனில் உண்மையில் வணிகம் நடந்தது பிட்ஜின் ஆங்கிலத்தில். இலக்கணத்தைச் சுங்கச்சாவடியிலேயே இறக்கிவைத்துவிட்டு வந்த மொழி அது. சிவப்புமயிர்க்காரர்களின் பேச்சு என்று தலைப்பிட்ட சின்னப் புத்தகங்கள் சில்லறைக் காசுக்கு விற்றன. ஆங்கிலச் சொல்லின் ஓசையைச் சீன எழுத்தில் எழுதிவைத்த புத்தகங்கள். கடைப்பையன் அதை உருப்போட்டு மறுநாள் வெள்ளைக்காரனிடம் விற்பனைக்கு நிற்பான்.

இந்தப் பிட்ஜினில் உச்சாணிக்கொம்பில் இருந்தவர் தேயிலை வணிகர் ஹௌகுவா. 1834-இல் தன் சொத்து 260 லட்சம் டாலர் என்று அவரே கணக்குச் சொன்னார். அன்று உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். தனக்கு 72,000 டாலர் பாக்கி வைத்துவிட்டு ஊருக்குப் போக முடியாமல் தவித்த அமெரிக்க நண்பரின் கடன்பத்திரத்தை அவர் முன்னாலேயே கிழித்துப் போட்டு, போய் வா என்று அனுப்பிய கதையை, அங்கே இருந்த ஹன்டர் என்ற அமெரிக்கர் எழுதிவைத்திருக்கிறார். பிறகு ஹௌகுவா தன் பணத்தில் ஒரு பகுதியை ஃபோர்ப்ஸ் என்ற பாஸ்டன்காரரிடம் ஒப்படைத்தார். அது அமெரிக்க ரயில் பாதைகளில் முதலீடாகப் போய்ச் சேர்ந்தது. கான்டனை விட்டு நகராத ஒருவர், வினைச்சொல்லுக்குக் காலம் உண்டு என்பதையே மதிக்காத ஒரு மொழியில், கண்ணால் காணாத கண்டத்தில் பங்குதாரர் ஆனார். பன்னாட்டு முதலீட்டு மேலாண்மை என்று இன்று இரண்டு ஆண்டு பாடம் நடத்துகிறார்கள்.

சரி, சீனாவுக்குள்ளே வங்கி நடத்தியவர்களாவது மாண்டரின் பேசினார்களா? மாண்டரின் அதிகாரிகளின் மொழி. வங்கி ஷான்சி மாகாணத்தாரின் குடும்பத்தொழில். 1823 வாக்கில் பிங்யாவ் ஊரில் தொடங்கிய ரிஷெங்சாங் என்ற உண்டியல் கடை நாடெங்கும் கிளை வைத்துப் பணம் மாற்றியது. வேலைக்குச் சொந்த ஊர்ப் பையன்கள்தான். அவர்கள் பேசியது தலைநகர்க்காரருக்குப் புரியாத ஷான்சிப் பேச்சு. போதாக்குறைக்கு உண்டியலில் சங்கேத எழுத்து வேறு. கள்ள உண்டியலைக் கவனி, எழுத்தையும் முத்திரையையும் பார்க்க மறவாதே என்ற பொருளில் பன்னிரண்டு எழுத்து வாக்கியம் ஒன்று. எழுத்துக்கு ஒரு மாதம். தேதிக்கும் தொகைக்கும் வேறு வாக்கியங்கள். பார்ப்பவனுக்கு நீதிபோதனை, படிப்பவனுக்குப் பணம். ஷாங்காயில் வட்டிக்கடைகளைப் பிடித்துவைத்திருந்தவர்கள் நிங்போ ஊர்க்காரர்கள். அங்கே மாண்டரினில் கடன் கேட்டால் வரி வசூலிக்க வந்தவன் என்று நினைத்திருப்பார்கள்.

பெர்லின் ஷாங்காய்க்குப் போன கதை

ஜெர்மன் பணக்காரர்களும் சங்கேதத்தில் சளைத்தவர்கள் அல்ல. ஃபிராங்க்ஃபர்ட் யூதச் சேரியிலிருந்து கிளம்பிய ரோத்ஸ்சைல்ட் சகோதரர்கள் ஐவர், லண்டன், பாரிஸ், வியன்னா, நேப்பிள்ஸ் என்று பரவி ஐரோப்பிய அரசுகளுக்கே கடன் கொடுத்தார்கள். நாதன் 1798-இல் இங்கிலாந்து வந்தபோது ஆங்கிலம் தடுமாற்றம். பாரிஸில் ஜேம்ஸ் பேசிய பிரெஞ்சு கடைசிவரை ஜெர்மன் வாடை வீசியது. கடன் வாங்க வந்த அமைச்சர் யாரும் உச்சரிப்பைத் திருத்தவில்லை. சகோதரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டது ஹீப்ரு எழுத்தில் யூத ஜெர்மன். தபாலைத் திருட்டுத்தனமாகப் பிரித்த ஒற்றர்களுக்குத் தலைவலி. நூற்றைம்பது ஆண்டு கழித்துப் படிக்க வந்த ஆய்வாளர்களுக்கும் அதே தலைவலி.

1870-இல் பெர்லினில் டாய்ச்ச வங்கி பிறந்தது. ஜெர்மன் ஏற்றுமதிக்காரர் எங்கே சரக்கு அனுப்பினாலும் லண்டன் வழியாகப் பவுண்டில்தான் பணம் பார்க்க வேண்டியிருக்கிறதே, இந்த அவமானத்தைத் துடைப்போம் என்பது சபதம். 1872-இல் ஷாங்காயிலும் யோகஹாமாவிலும் கிளை திறந்தார்கள். அந்த ஊர்களில் பணம் என்றால் வெள்ளி. அதே நேரத்தில் ஜெர்மன் அரசு தங்கத்துக்கு மாறி, கையிலிருந்த வெள்ளியைச் சந்தையில் கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளி விலை சரிந்தது. ஷாங்காய்க் கிளையின் பெட்டியிலிருந்த வெள்ளியும் கூடவே சரிந்தது. சொந்த நாடே சொந்த வங்கிக்கு வைத்த ஆப்பு. 1875-இல் கிளைகளுக்குப் பூட்டு.

அடங்கவில்லை. 1887-இல் பெர்லினில் கீழைமொழிக் கல்விக்கூடம் திறந்து சீனம் சொல்லித்தந்தார்கள். 1889-இல் பெரிய ஜெர்மன் வங்கிகள் கூடி ஷாங்காயில் ஜெர்மன்-ஆசிய வங்கியை நிறுவின. உள்ளூர்க் கணக்கைப் பார்த்துக்கொண்டவர் மற்ற வெள்ளைக்கார வங்கிகளில் போலவே ‘காம்பிரடோர்’ என்ற சீன இடையாள். வாடிக்கையாளரை அழைத்து வருவது, பிணை நிற்பது, வெள்ளியைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மேலாளர் கையெழுத்துப் போடுவார். பிரிட்டிஷ் வணிக நிறுவனமான ஜார்டின் கம்பெனியில் காம்பிரடோராக இருந்த டாங் கிங்சிங் 1862-இல் ஆறு பாகத்தில் ஆங்கிலப் பாடநூலே வெளியிட்டுவிட்டு, பின்னாளில் சீனாவின் முதல் நீராவிக்கப்பல் கம்பெனிக்குத் தலைவராகப் போனார். மேலாளர்களில் எத்தனை பேர் ஆறு பாகம் சீனம் எழுதினார்கள் என்று கேட்டால் வரலாறு இருமுகிறது.

ஜப்பானிடம் போரில் தோற்ற சீனா அபராதம் கட்டக் கடன் தேடியது. 1896-இல் ஜெர்மன்-ஆசிய வங்கியும் ஹாங்காங்-ஷாங்காய் வங்கியும் சேர்ந்து கொடுத்தன. ஜெர்மன் வங்கி, சீனக் கடன். தொகை 160 லட்சம் பவுண்ட் ஸ்டெர்லிங். 1898-இல் இன்னொரு 160 லட்சம், மறுபடி பவுண்ட். ஜெர்மனும் மாண்டரினும் கல்யாணம் செய்துகொண்டபோது பத்திரிகை அடித்தது ஆங்கிலத்தில்தான்.

அமெரிக்காவுக்குப் போன ஜெர்மானியருக்கு யோகம் அடித்தது. கோல்டுமேன், லேமன், கூன்-லோப் எல்லாம் ஜெர்மன் யூதக் குடியேறிகள் தொடங்கிய கடைகள். 1913-இல் பிறந்த அமெரிக்க மத்திய வங்கிக்கு வரைபடம் போட்டவர்களில் முதன்மையானவர் ஹாம்பர்க்கில் பிறந்த பால் வார்பர்க். கனத்த ஜெர்மன் உச்சரிப்புடன் அமெரிக்கர்களுக்கு வங்கிப் பாடம் நடத்தினார். முதல் உலகப்போர் வந்தது. ஹாம்பர்க் உச்சரிப்பு திடீரென்று எல்லார் காதிலும் உறுத்தியது. 1918-இல் பதவி நீட்டிப்பு இல்லை.

அடுத்து இரண்டு மொழிக்காரர்களின் பணமும் சமநிலைக்கு வந்தது. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். 1948 ஆகஸ்டில் சீன அரசு பழைய நோட்டு 30 லட்சத்துக்கு ஒரு ‘தங்க யுவான்’ என்று புது நோட்டு அடித்தது. ஓராண்டுக்குள் அதுவும் குப்பை. தங்கம் பெயரில் மட்டும் இருந்தது. பூஜ்யத்தைச் சேர்த்துக்கொண்டே போக இலக்கணம் எதுவும் தேவைப்படவில்லை.

மேல்மாடியில் ஆங்கிலம்

1989-இல் டாய்ச்ச வங்கி லண்டனின் மார்கன் கிரென்ஃபெல்லை வாங்கியது. 1999-இல் நியூயார்க்கின் பேங்கர்ஸ் டிரஸ்டை. ஜெர்மன் வங்கி ஆங்கில வங்கிகளை வாங்கியதா, ஆங்கிலம் ஜெர்மன் வங்கியை வாங்கியதா என்பது சீக்கிரமே குழம்பிப்போனது. 2012-இல் இணைத் தலைமை நிர்வாகி ஆனவர் ஜெய்ப்பூரில் பிறந்த அன்ஷு ஜெயின். அவருக்கு ஜெர்மன் சரியாக வராது என்பது ஜெர்மன் செய்தித்தாள்களுக்குத் தீராத தீனி. 2015-இல் அவர் போனதும் வந்தவர் ஜான் கிரையன், ஆங்கிலேயர், ஜெர்மன் சரளம். 2018-இல் அவரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மொழி தெரியாதவருக்கு மூன்று ஆண்டு, தெரிந்தவருக்கு மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. ஜெர்மன் டியூஷன் கட்டணத்தை நியாயப்படுத்த இந்தக் கணக்கு உதவாது.

மாண்டரின் பக்கமும் காய்ச்சல் அடித்தது. முதலீட்டாளர் ஜிம் ராஜர்ஸ், மகள்கள் மாண்டரின் பேசி வளர வேண்டும் என்று 2007-இல் நியூயார்க் மாளிகையை விற்றுவிட்டுச் சிங்கப்பூருக்கே குடிபோனார். 2016-இல் கூகுளின் புதிய மொழிபெயர்ப்பு இயந்திரம் முதலில் கற்ற பாடம் சீனத்திலிருந்து ஆங்கிலம். அது வீடு மாறவில்லை. சீனாவில் வணிகம் பிடிக்க வங்கிகள் தேடியது மொழியைத்தானா என்பதும் அதே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. சீன அதிகாரிகளின், பெரும்புள்ளிகளின் பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் வேலை கொடுத்துக் காரியம் சாதித்ததற்காக ஜேபி மார்கன் 26.4 கோடி டாலர் கட்டியது. திட்டத்துக்கு உள்ளே வைத்திருந்த பெயரே ‘மகன்கள், மகள்கள்’. 2019-இல் டாய்ச்ச வங்கியும் இதேபோன்ற புகாருக்கு 1.6 கோடி டாலர் கட்டி விஷயத்தை முடித்துக்கொண்டது. ஜார்ஜ் வாத்தியார் கற்றுத்தர முடியாத ஒரே பாடம், யாருக்குப் பிறப்பது என்பது.

பிறகு வந்தது 2020. அமெரிக்கப் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட சீனக் காப்பிக்கடை நிறுவனம் லக்கின், விற்பனையை ஊதிக் காட்டுகிறது என்று 89 பக்க அறிக்கை ஒன்று பெயரில்லாமல் வந்தது. அறிக்கை எழுதியவர்கள் 1,500-க்கும் மேற்பட்ட ஆட்களைக் கடைகளில் உட்காரவைத்து, 11,260 மணிநேரம் வருகிற போகிறவர்களை எண்ணி, 25,843 ரசீதுகளைச் சேர்த்திருந்தார்கள். ஏப்ரலில் நிறுவனமே சுமார் 220 கோடி யுவான் விற்பனை கற்பனை என்று ஒப்புக்கொண்டது. ஜூனில் மியூனிக் அருகே வயர்கார்டு என்ற பணப்பரிமாற்ற நிறுவனம் கவிழ்ந்தது. 190 கோடி யூரோ பிலிப்பைன்ஸ் வங்கிகளில் பத்திரமாக இருக்கிறது என்றார்கள். அந்த வங்கிகள், எங்களிடம் ஏது என்றன. அதற்கு முந்தைய ஆண்டு, சந்தேகத்தைக் கிளப்பிய ஆங்கிலப் பத்திரிகையாளர்கள் மீதே ஜெர்மன் கண்காணிப்பு ஆணையம் புகார் கொடுத்திருந்தது. கண்காணிப்பாளர்கள் எல்லோரும் நல்ல ஜெர்மன் பேசுபவர்கள்.

ஆக, இந்த அறுநூறு ஆண்டில் பணம் வைத்திருந்தவர் பெரும்பாலும் மொழி கற்றதில்லை. பணம் தேடியவர் கற்றார், நடுவில் நின்றவர் காசு பார்த்தார். அப்படியென்றால் ஜெர்மன், மாண்டரின் இரண்டையும் விட்டுவிடலாமா? கூடாது. ஜெர்மன் வணிகச் சட்டத்தின் 244-ஆம் பிரிவு, ஆண்டுக் கணக்கை ஜெர்மன் மொழியிலும் யூரோவிலும் எழுதச் சொல்கிறது. சீனக் கணக்கியல் சட்டமும் கணக்கைச் சீன எழுத்தில் பதியச் சொல்கிறது. மேல்மாடி ஆங்கிலத்தில் கூட்டம் போடட்டும். கீழே பேரேடு உள்ளூர் மொழியில்தான் இருக்கிறது. ரசீதைப் படிக்க, தணிக்கை பார்க்க, வரி போட, ஜெர்மன் சிற்றூர் சேமிப்பு வங்கியில் உட்கார்ந்து ஒரு பட்டறை முதலாளிக்குக் கடன் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க, அந்த மொழி வேண்டும்.

ஆகவே எந்த நாடு ஜெயிக்கும் என்று ஜோசியம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்த ஊர்ப் பேரேட்டைத் தூக்கம் வராமல் படிக்க முடிகிறதோ அந்த மொழியைப் படியுங்கள். முதலில் கணக்கு, அப்புறம் இலக்கணம். சம்பளம் மேல்மாடிக்காரரைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் வழக்கு என்று வரும் நாளில் அவரைக் குற்றவாளிக் கூண்டிலும் உங்களைச் சாட்சிக் கூண்டிலும் ஏற்றுவார்கள். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிறவர் சாட்சிதான்.